ஆறு ஆஸ்பத்திரி சேர்ந்து ஒரு டெலி-ஐ.சி.யூ. வாங்குவது நடக்கிற காரியமா?

கணக்குப்பிள்ளை (திண்டுக்கல்) | ஞாயிறு, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். நான் டாக்டர் இல்லை. எழுபது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நிர்வாகம் பார்க்கிறேன். பர்ச்சேஸும் என் தலையில்தான் விடிகிறது.

போன மாதம் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி மேனேஜர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் அவரும் நானும் அடுத்தடுத்து உட்கார்ந்தோம். பேச்சு பேஷண்ட் மானிட்டர் பக்கம் போனது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே டீலர். ஆனால் நான் கொடுத்த விலை அவர் கொடுத்ததைவிட ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு. "உங்களுக்கு மட்டும்தான் சார் இந்த ரேட், வெளியே சொல்லிடாதீங்க" என்று டீலர் இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

விஷயம் அதுவல்ல. எங்கள் பக்கத்தில் என்னைப்போல் ஆறு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆறிலும் சேர்த்து ஐ.சி.யூ. படுக்கை நாற்பதுக்குள்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல் எங்கேயும் தீவிர சிகிச்சை நிபுணர் கிடையாது. டியூட்டி டாக்டர் ஒருவர், இரண்டு சிஸ்டர்கள், அவ்வளவுதான். நிலைமை மோசமானால் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்புகிறோம். போய்ச்சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும்.

நகரத்தில் ஒரு அறையில் நிபுணர் உட்கார்ந்து திரையில் பல ஊர் ஐ.சி.யூ.வைப் பார்க்கிற டெலி-ஐ.சி.யூ. பற்றி மூன்று கம்பெனிகளிடம் விசாரித்தேன். படுக்கைக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. எட்டுப் படுக்கைக்குச் சொல்லும் விலையை எங்கள் முதலாளி டாக்டரிடம் காட்டவே பயமாக இருக்கிறது. படுக்கை எண்ணிக்கை கூடினால் இறக்குவார்களாம்.

ஆறு பேரும் சேர்ந்து ஒரே ஆர்டராகக் கொடுக்க முடியுமா? ஆறில் இரண்டு ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இருப்பவை. இவர் பிள்ளைப்பேறு பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். யாராவது இப்படிச் செய்து பார்த்ததுண்டா?

சோல்டரிங் அயர்ன் (ஈரோடு) | ஞாயிறு, இரவு 10.02

அண்ணா, வெலையைப் பத்தி மட்டும் பேசுனீங்கன்னா பாதிக் கெணறுதான் தாண்டுவீங்க. நான் பயோமெடிக்கல் இன்ஜினியருங்க, மெஷின் வந்து எறங்குனதுக்கு அப்புறம் நடக்குற கூத்தைப் பாக்குறவன்.

எங்க ஐ.சி.யூ.வுல மூணு கம்பெனி மானிட்டர் கெடக்குது. விரல்ல மாட்டுற ஆக்சிஜன் புரோப் மூணுக்கும் மூணு விதம். ஒண்ணோட கனெக்டர் இன்னொண்ணுல போகாது. ராத்திரி ஒரு புரோப் போச்சுன்னா பக்கத்துப் படுக்கையில சும்மா கெடக்குறதைக் கழட்டி மாட்ட முடியாது. லேப்ல இன்னும் மோசம். ரத்தம் சோதிக்குற அனலைசர் மெஷினை இலவசமா வெச்சுட்டுப் போவாங்க. அதுல ஊத்துற ரீஏஜென்ட் மருந்தை அவங்ககிட்டயே மாசாமாசம் வாங்கணும், வேற கம்பெனிது போட்டா மெஷின் ஏத்துக்காது. மெஷினுக்குக் குடுக்காத காசை அஞ்சு வருசத்துல ரீஏஜென்ட்டுல எடுத்துருவாங்க.

டெலி-ஐ.சி.யூ.வுக்கு இதுதான் மொதல் தடை. உங்க ஆறு ஆஸ்பத்திரியிலயும் என்னென்ன மானிட்டர் இருக்குதுன்னு பட்டியல் போட்டீங்களா? பழைய மானிட்டர்ல இருந்து டேட்டாவை வெளிய எடுக்கணும்னா எச்.எல்.செவன்னு ஒரு வழி இருக்குது. அது மெஷினுக்குள்ள இருக்கும், ஆனா தொறந்து விடத் தனி லைசென்ஸ், தனிக் காசும்பாங்க. டெலி-ஐ.சி.யூ. கம்பெனி குடுக்குற கொட்டேஷன்ல அது இருக்கவே இருக்காது. ஆர்டர் போட்டப்புறம் "அது உங்க ஸ்கோப் சார்"ம்பாங்க, அதாவது அந்தச் செலவு உங்க பொறுப்பு.

அதனால சேந்து வாங்குங்க, வேணாம்னு சொல்லல. ஆனா வெலைக்கு முன்னாடி மாடலை ஒண்ணாக்குங்க. ஆறு எடத்துலயும் ஒரே மானிட்டர்னா ஸ்பேர் போர்டு ரெண்டு வாங்கி நடுவுல ஒரு ஊர்ல வெச்சுக்கலாம். ஆறு பேருக்கும் சேத்து என்னாட்ட ஒருத்தனைச் சம்பளத்துக்கும் போடலாம் (விளம்பரம் இல்லீங்).

பழைய இண்டென்ட் | திங்கள், காலை 6.10

தம்பி, அரசு ஆஸ்பத்திரி மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் புதுசாகக் கேட்கிறீர்கள், நம் மாநிலம் இதை முப்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு மெடிக்கல் சர்வீசஸ் கார்ப்பரேஷன் 1994 ஜூலையில் கம்பெனியாகப் பதிவானது, 1995 தொடக்கத்தில் மருந்து வாங்க ஆரம்பித்தது. பிறகு கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இதைப் பார்த்துத்தான் தங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் இருந்த நிலைமை எனக்குத் தெரியும். இன்ன மருந்து வேண்டும் என்று இண்டென்ட் போட்டுவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்போம். கேட்டது வராது, கேட்காதது மூட்டையாக வரும். டப்பாவில் வரும் மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுப்போம். கார்ப்பரேஷன் வந்தபிறகுதான் அரசு முத்திரையோடு ஸ்ட்ரிப்பில் வர ஆரம்பித்தது. கிராமத்துக் கிழவி அந்த ஸ்ட்ரிப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

எல்லோரும் "மொத்தமாக வாங்கினார்கள், விலை இறங்கியது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உள்ளே இருந்த நுணுக்கம் வேறு. டெண்டர் இரண்டு உறையில் வரும். முதல் உறையில் கம்பெனியின் தகுதி. அதில் தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். மருந்து வந்து இறங்கியதும் லேபிளை மறைத்து, யாருடையது என்று தெரியாமல் லேபுக்கு அனுப்புவார்கள். தேறிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வரும், பணமும் பிறகுதான். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். வருஷத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று அதில் எழுதியிருக்கும், அதற்குள் எது வேண்டுமோ நாங்களே எடுத்துக்கொள்ளலாம். வாங்குவது ஒரே இடம், எவ்வளவு எடுப்பது என்ற முடிவு எங்களிடம். இந்தப் பாஸ்புக் இல்லாமல் இருந்திருந்தால் "மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்கிறார்கள்" என்று முதல் வருஷமே சண்டை வந்திருக்கும்.

உங்கள் ஆறு பேருக்கும் அப்படி ஒரு பாஸ்புக் கணக்கு வேண்டும்.

கீமோ வார்டு | திங்கள், பகல் 1.40

புற்றுநோய்ப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் துறையில் நடந்ததைச் சொல்லலாம், தனியார், அறக்கட்டளை, அரசு என்று கலந்து வாங்கிய கதை என்பதால் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும்.

2012-இல் நேஷனல் கேன்சர் கிரிட் என்று ஒரு கூட்டமைப்பு தொடங்கியது. மும்பை டாட்டா மெமோரியல்தான் ஒருங்கிணைப்பு. இன்று முந்நூறுக்கு மேற்பட்ட மையங்கள் உறுப்பினர்கள். முதலில் மருந்து வாங்குவதற்காகச் சேரவில்லை. ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வேறு வேறு சிகிச்சை கொடுக்கிறோமே, எல்லோரும் ஒரே சிகிச்சை முறைக்கு வருவோம் என்றுதான் சேர்ந்தார்கள். சிகிச்சை முறை ஒன்றானபின் மருந்துப் பட்டியல் தன்னாலே ஒன்றாகியது. அதற்கப்புறம்தான் சேர்ந்து பேரம் பேசினார்கள். இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். ஈரோட்டு நண்பர் மாடலை ஒன்றாக்கச் சொல்வதும் இதைத்தான்.

முதல் சுற்றில் 23 மையங்கள், 40 மருந்துகள். மிச்சமான தொகை ஏறக்குறைய 1,320 கோடி ரூபாய் என்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2023-இல் கட்டுரையாகவே வந்தது. மருந்துக்கு மருந்து 23 சதவீதத்திலிருந்து 99 சதவீதம் வரை விலை குறைந்தது. 99 சதவீதம் என்றால் நூறு ரூபாய் மருந்து ஒரு ரூபாய்க்கு! அப்படியானால் முன்பு கொடுத்தது என்ன விலை என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பல கம்பெனிகள் தயாரிக்கும் ஜெனரிக் மருந்துகளில்தான் அதிகம் இறங்கியது. காப்புரிமையுள்ள புது மருந்துகளில் அந்த அளவுக்கு இறங்கவில்லை. ஒரே ஒரு ஆள் விற்கிறான் என்றால் நாம் இருபது பேர் சேர்ந்து போய் நின்றாலும் அவன் அவசரப்படமாட்டான். நீங்கள் வாங்கப்போவது புதுச் சரக்கு. சந்தையில் மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் கையுறைக்குக் கிடைக்கிற தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள்.

டீலர் மாமா | திங்கள், இரவு 8.30

மூணு நாளா படிச்சிட்டு சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க, ஒரு நாள்தான் ஆச்சு, ஆனாலும் தாங்கல.

நான் டீலர். பதினெட்டு வருஷம். கணக்குப்பிள்ளை சார், உங்களுக்கு ஒன்றேகால் மடங்கு போட்டவன் நான் இல்ல, ஆனா ஏன் போட்டான்னு எனக்குத் தெரியும். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரி மெஷின் இறங்கின வாரமே காசு குடுத்திருப்பாங்க. நீங்க எப்ப குடுத்தீங்க? மனசைத் தொட்டுச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி ஒண்ணு போன தீபாவளி பில்லை இந்தப் பொங்கலுக்கும் குடுக்கல. அந்த வட்டி எல்லாம் எங்க சார் போகும்? அடுத்த மெஷின் விலையிலதான் உட்காரும்.

இன்னொண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு வென்டிலேட்டர் நின்னா உங்க கூட்டமைப்பு வராது, நான்தான் பைக்ல வருவேன். மும்பையில இருக்கிற கம்பெனிகிட்ட நேரடியா வாங்கி அவன் டோல்ஃப்ரீ நம்பர்ல ஒண்ணு அழுத்தி ரெண்டு அழுத்திப் பாருங்க, அப்ப தெரியும் மாமா யாருன்னு.

கணக்குப்பிள்ளை (திண்டுக்கல்) | திங்கள், இரவு 9.05

டீலர் மாமா, மனசைத் தொட்டுச் சொல்கிறேன், நான்கு மாதம் கழித்துத்தான் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ் பணம் எங்களுக்கு வந்தால்தானே உங்களுக்கு வரும். நீங்கள் சொன்னது சுட்டாலும் நியாயம்.

குட்டி கம்பெனி (கோவை) | செவ்வாய், காலை 11.20

மறுபக்கத்தில் இருந்து ஒரு குரல். நாங்கள் ஏழு பேர் உள்ள கம்பெனி, பச்சைக்குழந்தைகளுக்கான ஒரு கருவி செய்கிறோம் (பெயர் சொன்னால் விளம்பரம் என்று தூக்கிவிடுவார்கள்). புதுச் சாதனம் செய்கிறவனுக்கு ஆஸ்பத்திரி வாசல் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

தனித்தனி ஆஸ்பத்திரியாகப் போனால் டெமோ கேட்பார்கள். டெமோ மெஷின் ஆறு மாதம் அங்கேயே கிடக்கும், நன்றாகவும் பயன்படுத்துவார்கள், ஆர்டர் மட்டும் வராது. "இன்னும் யார் யார் வாங்கியிருக்காங்க?" என்பார்கள். எல்லோரும் இதையே கேட்டால் முதல் ஆள் யார்? அதனால் பத்து ஆஸ்பத்திரி சேர்ந்து ஒரு முடிவெடுப்பது எங்களுக்குக் கசக்காது, இனிக்கத்தான் செய்யும். பத்து இடத்தில் செய்ய வேண்டிய டெமோவை ஓரிடத்தில் ஒழுங்காகச் செய்துவிடலாம்.

ஆனால் கூட்டமாகச் சேர்ந்ததும் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பயம் வந்துவிடும். மூன்று வருஷ டர்ன்ஓவர் காட்டு, இத்தனை மெஷின் ஏற்கெனவே விற்றிருக்க வேண்டும், கடைசியில் எல்-ஒன்னுக்குத்தான், அதாவது குறைந்த விலை சொன்னவனுக்குத்தான் ஆர்டர். இந்த மூன்று விதியையும் போட்டுவிட்டுப் "புதுமையை வரவேற்கிறோம்" என்று பேனர் கட்டினால் என்ன பிரயோஜனம்?

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். அங்கே ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் கூட்டுக் கொள்முதல் நிறுவனங்கள் மூலமாகத்தான் வாங்குகின்றன. டெக்சாஸில் தாமஸ் ஷா என்ற இன்ஜினியர் ஒரு சிரிஞ்ச் செய்தார். ஊசி போட்டு முடித்ததும் ஊசிமுனை தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், நர்ஸ் கையில் குத்தாது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த காலத்தில் யோசித்தது. வார்டில் நர்ஸ்களுக்குப் பிடித்தாலும் ஆஸ்பத்திரிக்குள் நுழைய முடியவில்லை, ஏற்கெனவே பெரிய கம்பெனியோடு கூட்டு ஒப்பந்தம் இருந்தது என்பது அவர் புகார். 1998-இல் வழக்குப் போட்டார். 2003-இல் இரண்டு பெரிய கொள்முதல் நிறுவனங்கள் சமரசத்துக்கு வந்தன. 2004-இல் அந்தப் பெரிய சிரிஞ்ச் கம்பெனி பெக்டன் டிக்கின்சன் 10 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. அந்தக் கொள்முதல் நிறுவனங்களுக்கு வருமானம் விற்கிற கம்பெனிகள் தரும் கட்டணம். வாங்குகிறவனுக்காக பேரம் பேசுகிற ஆளுக்கு விற்கிறவன் சம்பளம் கொடுத்தால் என்ன ஆகும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும், நம் ஊர்க் கல்யாணப் புரோக்கரைப் பார்த்தாலே தெரியும்.

ஐரோப்பாவில் வேறு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள். சாதனத்தின் பெயரைச் சொல்லி டெண்டர் விடாமல் பிரச்சினையைச் சொல்லி விடுவது. ஜெர்மனியின் ஆஹன், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள் போன்றவை சேர்ந்து "தாலியா" என்று ஒரு திட்டம் செய்தன, இதே டெலி-ஐ.சி.யூ.வுக்குத்தான். முதல் கட்டத்தில் பல கம்பெனிகள் வடிவமைப்பு மட்டும் கொடுக்கும். அதில் தேறியவர்கள் மாதிரி செய்ய வேண்டும், அதிலும் தேறியவர்கள் வார்டில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கம்பெனிக்குப் பணம் உண்டு. ஏழு பேர் கம்பெனி அதில் கலந்துகொள்ள முடியும்.

சோல்டரிங் அயர்ன் (ஈரோடு) | செவ்வாய், பகல் 12.05

குட்டி கம்பெனி, நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு உங்க கம்பெனி மூடிட்டா ஸ்பேருக்கு நான் எங்கீங்க போறது? எங்க ஸ்டோர்ல ரெண்டு மெஷின் அனாதையாக் கெடக்குது, செஞ்ச புண்ணியவான் இப்ப ரியல் எஸ்டேட்ல இருக்காரு.

குட்டி கம்பெனி (கோவை) | செவ்வாய், பகல் 12.31

கோபமில்லை. நியாயமான பயம். சர்க்யூட் வரைபடம், மென்பொருள், உதிரிபாகப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு மூன்றாம் ஆளிடம் பூட்டி வைக்கலாம், நாங்கள் மூடிவிட்டால் அதை உங்களுக்குத் திறந்துவிடலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். நான் கையெழுத்துப் போடுவேன். தனி ஆஸ்பத்திரி கேட்டால் இதற்கு வக்கீல் செலவு கட்டுப்படியாகாது, ஆறு பேர் கேட்டால் ஆகும்.

ஒஸ்லோ பனை | செவ்வாய், இரவு 11.50

வணக்கம். நான் யாழ்ப்பாணத்துக்காரன், நோர்வேயில ஆஸ்பத்திரி மருந்தகத்தில வேலை. இஞ்ச 1995 இல இருந்தே ஆஸ்பத்திரிகள் சேர்ந்துதான் மருந்து வாங்குறவை. ஒரு சம்பவம் சொல்லுறன், புதுப் பொருள் வாங்குறதுக்குப் பொருத்தமா இருக்கும்.

மூட்டுவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் குடுக்கிற இன்ஃப்ளிக்ஸிமாப் எண்ட மருந்து, சரியான விலை. அதுக்கு பயோசிமிலர், அதாவது நிகரான மலிவு மருந்து வந்தது. 2014 டெண்டரில அது 39 வீதம் குறைவா வந்தது, அடுத்த வருசம் 69 வீதம் குறைவு. ஆக்கள் துள்ளிக் குதிச்சிருப்பினம் எண்டு நினைப்பியள். இல்லை. டொக்டர்மார் தயங்கினவை. புது நோயாளிக்குக் குடுக்கலாம், பழைய மருந்தில நல்லா இருக்கிறவரை ஏன் மாத்துவான் எண்டு கேட்டவை. நியாயமான கேள்விதானே.

அரசாங்கம் என்ன செய்தது தெரியுமோ? தானே காசு போட்டு ஆய்வு ஒண்டு நடத்தினது. நோர்-ஸ்விட்ச் எண்டு பேர். 482 நோயாளர், பாதிப்பேருக்குப் பழைய மருந்து, பாதிப்பேருக்குப் புதுசு, ஒரு வருசம் பாத்தவை. மாத்தினவைக்குப் பழசைவிட மோசமில்லை எண்டு 2017 இல லான்செட்டில வந்தது. விக்கிறவன் செய்த ஆய்வை நம்பாமல் வாங்கிறவன் தானே ஆய்வு செய்தான். ஒரு தனி ஆஸ்பத்திரிக்கு அது ஏலாது.

இன்னொண்டும் சொல்லவேணும், எங்கட நாட்டைப் பற்றி. இலங்கையில பேராசிரியர் சேனக்க பிபிலேயின்ர முயற்சியில 1971 இல அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது. நாட்டுக்கு வாற மருந்தை ஒரே கையால வாங்கிறது எண்டு வெளிநாடுகள் வந்து பாத்துப் படிச்சவை. அதே நாட்டில 2023 இல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் ஆஸ்பத்திரிகளுக்குள்ள வந்து, முந்தின சுகாதார அமைச்சர் 2024 பெப்ரவரியில கைதானவர். ஒரு வாசல் மட்டும் வச்சால் காவலும் அந்த ஒரு வாசலில பலமா இருக்கவேணும். மேல ஐயா சொன்ன, லேபிளை மறைச்சு லேபுக்கு அனுப்புற வேலை அதாலதான் முக்கியம்.

பழைய இண்டென்ட் | புதன், காலை 5.55

ஒஸ்லோ தம்பி சொன்னது சரி. காலை வாக்கிங் போவதற்குமுன் ஒரே ஒரு வார்த்தை, மதுரைக்காரனாக இருந்துகொண்டு சொல்லாமல் போனால் தூக்கம் வராது. சேர்ந்து வாங்கியும் விலை இறங்காவிட்டால் நாமே செய்துகொள்வது என்று ஒரு வழி உண்டு. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1992-இல் ஆரோலேப் தொடங்கியது அப்படித்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து யானை விலைக்கு வந்துகொண்டிருந்தது. கண்புரை ஆபரேஷன் கணக்கில்லாமல் செய்கிற ஆஸ்பத்திரிக்குத் தன் தேவை எவ்வளவு என்று துல்லியமாகத் தெரியும். ஆலை போடுகிறவனுக்கு அந்த எண்ணிக்கைதான் தைரியம்.

கீமோ வார்டு | புதன், காலை 9.30

ஐயா சொன்ன "எண்ணிக்கைதான் தைரியம்" என்பதைப் பிடித்துக்கொள்கிறேன். காசநோய்க்கு ஜீன்எக்ஸ்பெர்ட் என்று ஒரு பரிசோதனை உண்டு, இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும், ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி மசிகிறதா என்பதையும் சொல்லிவிடும். ஒரே கம்பெனி செய்வது. நான் மேலே சொன்ன "ஒரே ஆள் விற்கிறான்" என்ற சிக்கல்தான். 2012-இல் அமெரிக்க அரசு நிதி, யுனிட்எய்ட், கேட்ஸ் அறக்கட்டளை எல்லாம் சேர்ந்து கம்பெனிக்கு ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்தன. அதற்குப் பதிலாக 145 நாடுகளின் பொதுத்துறைக்கு ஒரு பரிசோதனைக்கான கார்ட்ரிட்ஜ் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலருக்கு இறங்கியது. பிறகு பதினோரு வருஷம் அங்கேயே நின்றது. 2023-இல் நோயாளிகள் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்த பிறகு 7.97 ஆனது.

புதுப் பொருளில் தள்ளுபடி கேட்டால் வராது. இத்தனை வாங்குவேன், இத்தனை வருஷம் வாங்குவேன் என்று எழுதிக் கொடுத்தால் வரும். உங்கள் ஆறு பேரால் அப்படி எழுதிக் கொடுக்க முடியுமா, அதுதான் என் கேள்வி.

நைட் டியூட்டி | வியாழன், அதிகாலை 3.20

மேலே எல்லாரும் சார் சார்னு பேசிட்டு இருக்கீங்க. நான் ஐ.சி.யூ. சிஸ்டர். இப்பதான் ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தேன்.

முன்னாடி வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில டெலி-ஐ.சி.யூ. வெச்சாங்க. வாங்கறதுக்கு முன்னாடி எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. திரையில இருந்து டாக்டர் "சென்ட்ரல் லைன் போடுங்க"ன்னு சொல்வார், அதாவது கழுத்துப் பக்கம் பெரிய ரத்தக்குழாய்ல குழாய் விடறது. யார் சார் போடுவா? டியூட்டி டாக்டர் போன வாரம்தான் சேர்ந்தவர், அவர் கை நடுங்குது. நான் போடக்கூடாது. திரையில இருக்கிறவருக்குக் கை கிடையாது. அதோட மானிட்டர்ல அலாரம் அடிச்சிட்டே இருக்கும், பாதி அலாரம் பேஷண்ட் கையை அசைச்சதுக்கு. இப்ப அங்கிருந்து போன் வேற வரும், "சிஸ்டர் மூணாம் பெட் பாருங்க"ன்னு. நான் மூணாம் பெட்லதான் நின்னுட்டு இருப்பேன்.

ஆனா நல்லதும் சொல்லணும். ஒரு ராத்திரி பாம்புக்கடி கேஸ், மூச்சுத் தசை விழுந்துட்டு வருது. திரையில இருந்த மேடம் ஒரு மணி நேரம் கூடவே இருந்து வென்டிலேட்டர் செட்டிங் ஒவ்வொண்ணா சொன்னாங்க. அந்தப் பையன் நடந்து வீட்டுக்குப் போனான். அதனால வேணாம்னு சொல்லல. கோவைக்காரர் பிரச்சினையைச் சொல்லி டெண்டர் விடணும்னு சொல்றார் இல்லையா, அந்தப் பிரச்சினையை யார் எழுதப் போறீங்க? மேனேஜர் எழுதினா "நிபுணர் இல்லை"ன்னு எழுதுவார். நான் எழுதினா வேற மாதிரி இருக்கும்.

வக்கீல் குமாஸ்தா | வியாழன், காலை 10.15

சுருக்கமாக. ஆறு பேரும் சேர்ந்து வாங்குவதற்கு ஒரு சங்கமோ எல்.எல்.பி. என்ற கூட்டு நிறுவனமோ பதிவு செய்துகொள்ளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம். கூட்டத்தில் பேசுவது வாங்கும் விலையைப் பற்றி மட்டும் இருக்கட்டும். "அப்படியே ஐ.சி.யூ. வாடகையையும் எல்லாரும் ஒரே ரேட்டாக வெச்சுக்கலாமே" என்று யாராவது டீ குடிக்கும்போது ஆரம்பிப்பார்கள். அந்த இடத்தில் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். நோயாளிக்குச் சேர்ந்து விலை வைப்பதை 2002 போட்டிச் சட்டம் விடாது.

கணக்குப்பிள்ளை (திண்டுக்கல்) | அடுத்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு, மாலை 6.40

எல்லோருக்கும் நன்றி. கூட்டம் போட்டோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஆறில் ஐந்து பேர் வந்தார்கள். எதிரும் புதிருமாக இருப்பவர்கள் இருவருமே வந்தது எனக்கே ஆச்சரியம், மேஜையின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். முதல் அரை மணி நேரம் ஒருவரும் விலையைச் சொல்லவில்லை. அவரவர் பைலை மூடி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் என் மானிட்டர் பில்லை எடுத்து நடுவில் போட்டேன், ஒன்றேகால் மடங்கு கதையோடு. சிரித்தார்கள். பிறகு ஒவ்வொரு பைலாகத் திறந்தது. பயந்தபடியே என்னைவிட ஏமாந்தவர் ஒருவர் இருந்தார்.

நைட் டியூட்டி சிஸ்டர் எழுதியதை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர், "முதல்ல நம்ம சிஸ்டர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும்" என்றார். ஐந்து ஆஸ்பத்திரியிலிருந்தும் வந்துவிட்டது. நான் நினைத்தே பார்க்காத ஒன்று நான்கு பக்கங்களில் இருந்தது: ராத்திரி மதுரைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்பது. அதற்குப் படுக்கைக்குப் படுக்கை கேமரா வேண்டாம். வார்டுக்கு ஒரு தள்ளுவண்டித் திரையும், ராத்திரியில் நிச்சயம் எடுக்கிற ஒரு நிபுணரும் போதும். மூன்று கம்பெனியில் ஒருவர்தான் அப்படிக் கொடுக்கத் தயார், மற்ற இருவரும் முழு செட்டாகத்தான் விற்பார்களாம். அந்த ஒருவரோடு இரண்டு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கிறோம், ஓசி டெமோ இல்லை, காசு கொடுத்து. மதுரைக்கு அனுப்பிய கேஸ் எத்தனை, அதில் அனுப்பியிருக்க வேண்டாதது எத்தனை என்று சிஸ்டர்களே நோட்டில் குறிப்பார்கள்.

பணத்துக்கு: ஐந்து பேரும் மாதம் ஐந்தாம் தேதிக்குள் ஒரு பொதுக் கணக்கில் போட வேண்டும். பாஸ்புக் ஆளுக்கு ஒன்று (ஐயாவின் யோசனை). இரண்டு மாதம் போடாதவர் வெளியே. இந்த விதியைப் படித்ததும் ஐந்தாவது ஆள் "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து போனார். ஆக, நான்கு.

நான்கு பேருக்குள் இன்னும் முழு நம்பிக்கை இல்லை என்பது உண்மை. அதனால் டெலி-ஐ.சி.யூ.வோடு சேர்த்து ஒரு சின்னச் சாமானையும் சேர்ந்து வாங்கிப் பழகலாம் என்று முடிவு. யாருக்கும் யார்மேலும் சந்தேகம் வராத பொருளாக ஒன்று, கையுறை. அடுத்த மாதத்திலிருந்து நான்கு ஆஸ்பத்திரிக்கும் ஒரே ஆர்டர், முப்பதாவது நாள் பணம்.

டீலர் மாமா | ஞாயிறு, மாலை 6.52

முப்பதாவது நாளா? எழுத்துல குடுப்பீங்களா? ஆறரை சைஸ் எத்தனை பெட்டி, ஏழு எத்தனை பெட்டின்னு பிரிச்சு அனுப்புங்க சார், நாளைக்கே கொட்டேஷன் போடறேன்.

நைட் டியூட்டி | ஞாயிறு, இரவு 11.10

ஆறரை கொஞ்சம் கூடப் போடுங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஏழரையா வாங்கி வெச்சுடறாங்க, எங்க கையில நிக்கறதில்ல.